கடைக்காரர் ‘செத்துப்போச்சு’ என்றால் உடனே நம்பாதீர்கள்

சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு ஊர் திரும்பியிருந்தேன். மறுநாளே சித்தி ஒரு துணிப்பையோடு வந்துவிட்டார். பைக்குள் பழைய மடிக்கணினி. “இன்டர்நெட்டே போகலய்யா. கடையில காட்டினேன். விண்டோஸ் செத்துப்போச்சாம், புதுசுதான் வாங்கணுமாம்” என்றார்.

சித்தி வீடு தஞ்சோங் டாவாயிலிருந்து செமலிங் போகும் சாலையில் இருக்கிறது. மகள் நான்காம் படிவம் படிக்கிறாள். கடைக்காரர் காட்டிய புதிய மடிக்கணினியின் விலை 2,300 ரிங்கிட். நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட்தான். ‘செத்துப்போச்சு’ என்கிற ஒற்றைச் சொல் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு செலவு வைக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நான் கணினித் துறை மாணவன் இல்லை. கணக்கியல் படிக்கிறேன். திருப்புளி பிடிப்பது என் பொழுதுபோக்கு, அவ்வளவுதான். இருந்தாலும் மடிக்கணினியை முடுக்கிய ஐந்தாவது நிமிடத்தில் சிக்கல் தெரிந்துவிட்டது. திரையின் ஓரத்தில் தேதி 2016 ஜனவரி 1 என்று இருந்தது.

இதற்கும் இணையத்துக்கும் என்ன தொடர்பு என்கிறீர்களா? ஒவ்வொரு பாதுகாப்பான இணையத்தளமும் தன் அடையாளத்துக்கு ஒரு மின்சான்றிதழ் வைத்திருக்கிறது. அதற்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. கணினி 2016இல் இருப்பதாக நினைத்துக்கொண்டால், இன்றைய சான்றிதழ் எதுவும் அதன் கணக்கில் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் உலாவி எல்லாத் தளங்களையும் மறுத்துவிடும். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் கணினி தேதியை மறக்காமல் இருக்க, தாய்ப்பலகையில் கைக்கடிகாரத்துக்குப் போடுவது போன்ற ஒரு சிறு நாணய மின்கலம் இருக்கும். செத்துப்போனது அதுதான். தேதியைக் கையால் திருத்தியதும் இணையம் வந்துவிட்டது. புதிய மின்கலத்தின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக்காசு.

ஆனால் கடைக்காரர் முழுப் பொய் சொல்லிவிடவில்லை. அங்கேதான் விஷயம் சிக்கலாகிறது.

அக்டோபர் 14இல் நடந்தது என்ன?

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அன்று எந்தக் கணினியும் நின்றுபோகவில்லை. மறுநாளும் எல்லாம் வழக்கம்போல் முடுக்கம் பெற்றன. நின்றது பாதுகாப்பு ஒட்டுகள். மென்பொருளில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதை அடைக்க மாதந்தோறும் வந்துகொண்டிருந்த திருத்தங்கள் இனி இல்லை.

இது சின்ன விஷயம் இல்லை. 2017 மே மாதம் ‘வான்னாக்ரை’ என்ற பணயத் தீநிரல் உலகம் முழுக்கப் பரவி, பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளைக்கூட முடக்கியது. அந்த ஓட்டையை அடைக்கும் ஒட்டு மார்ச் மாதமே வெளிவந்துவிட்டது. அதைப் போடாமல் விட்ட கணினிகள்தாம் மாட்டிக்கொண்டன. எனவே “விண்டோஸ் 10 இன்னும் நல்லாத்தான் ஓடுது, எனக்கு என்ன?” என்று இருந்துவிடுவதும் சரியில்லை.

அப்படியானால் விண்டோஸ் 11க்கு மாறிவிடலாமே? இங்கேதான் முட்டுக்கட்டை. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், பட்டியலிடப்பட்ட செயலிகளில் ஒன்றும் வேண்டும். இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும். உங்கள் கணினியின் ‘அபௌட்’ பக்கத்தில் செயலியின் பெயரைப் பாருங்கள். ஐ5-7200யு என்று இருந்தால் கோட்டுக்குப் பின் வரும் 7தான் தலைமுறை. 7 என்றால் வெளியே, 8 என்றால் உள்ளே. ஓர் எண் வித்தியாசம்.

இந்த ஓர் எண் நம் வட்டாரத்தில் எத்தனை வீடுகளைத் தொட்டிருக்கிறது என்று யோசித்தேன். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும் பாடம் இயங்கலைக்குப் போனது. வீட்டில் ஒரே ஒரு கைப்பேசி, மூன்று பிள்ளைகள் என்ற நிலையில் பெற்றோர் கடன் வாங்கியாவது மடிக்கணினி தேடினார்கள். புதியது வாங்க முடியாதவர்கள் அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய மடிக்கணினிகளை வாங்கினார்கள். திடமானவை, விலை குறைந்தவை, 6ஆம் 7ஆம் தலைமுறைச் செயலி கொண்டவை. 2021 ஜூனில் விண்டோஸ் 11 அறிவிக்கப்பட்டபோது, வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத அந்தக் கணினிகள் பட்டியலுக்கு வெளியே நின்றன. சித்தியின் மடிக்கணினியும் அந்த ரகம்தான்.

அரசும் அப்போது சும்மா இருக்கவில்லை. 2021 வரவுசெலவுத் திட்டத்தில் செர்டிக் திட்டத்தின் கீழ் 500 பள்ளிகளின் 150,000 மாணவர்களுக்குக் கருவிகள் என்று அறிவிக்கப்பட்டது. பின்னர் உயர்கல்வி மாணவர்களுக்குப் பெராந்தி சிஸ்வா கைப்பலகைகள் வந்தன. கொடுத்தது நல்ல காரியம். ஆனால் கொடுக்கும் நாளில் எடுக்கும் படங்கள் நாளிதழில் வரும். ஐந்தாவது வருடம் மின்கலம் உப்பியதும், மென்பொருள் ஆதரவு முடிந்ததும் யார் பொறுப்பு என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை.

கனாலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம், விண்டோஸ் 10இன் முடிவால் உலகில் சுமார் 24 கோடி கணினிகள் குப்பைக்குப் போகக்கூடும் என்று 2023லேயே மதிப்பிட்டது. இவற்றில் பெரும்பாலானவை பழுதானவை அல்ல என்பதை நினைவில் வையுங்கள்.

மூன்று வழிகள்

முதல் வழி, ஓராண்டு தவணை. வீட்டுப் பயனர்களுக்கு மைக்ரோசாஃப்ட் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு ஒட்டுகளை 2026 அக்டோபர் 13 வரை தருகிறது. 30 அமெரிக்க டாலர் கட்டியும் பெறலாம், காசில்லாமலும் பெறலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, கணினியின் அமைப்புகளைக் காப்புநகல் எடுக்கச் சம்மதித்தால் போதும். 22எச்2 பதிப்பு இருக்க வேண்டும். ‘விண்டோஸ் அப்டேட்’ பக்கத்திலேயே பதிவு செய்யும் இணைப்பு தெரியும். கேட்டுப் பார்த்தவரை என் தோழர்களில் பாதிப்பேருக்கு இது தெரியாது. சித்தியின் கணினியில் நான் முதலில் செய்தது இதைத்தான். பரீட்சை ஆண்டு நெருங்கும் பிள்ளையின் கணினியில் ஒரேயடியாக எல்லாவற்றையும் மாற்றுவது நல்லதில்லை.

இரண்டாவது வழி, தகுதியில்லாத கணினியில் விண்டோஸ் 11ஐக் குறுக்கு வழியில் ஏற்றுவது. காணொளிகள் ஏராளமாக உள்ளன. நானும் என் பழைய மேசைக்கணினியில் செய்து பார்த்தேன், ஓடுகிறது. ஆனால் அப்படி ஏற்றப்பட்ட கணினிகளுக்கு ஒட்டுகள் வரும் என்பதற்கு உத்தரவாதமில்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. விளையாடுவதற்கென்று இரண்டாவது கணினி வைத்திருப்பவர் செய்யலாம். வீட்டில் இருப்பதே ஒன்று என்றால் வேண்டாம். இணையச் சந்தைகளில் பத்து ரிங்கிட்டுக்கு விற்கும் விண்டோஸ் சாவிகளும் அப்படித்தான்: எங்கிருந்து வந்தன என்று தெரியாத சாவியை நம்பி வீட்டுப் பூட்டை யாரும் மாற்றமாட்டோம்.

மூன்றாவது வழி லினக்ஸ். இதன் பெயரைக் கேட்டதும் கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடும் என்று பயப்படுகிறார்கள். லினக்ஸ் மின்ட் என்ற வழங்கலைப் பாருங்கள், பழைய விண்டோஸ் மாதிரியேதான் இருக்கும். குறைந்தது 2 ஜிபி ரேம், வசதியாக ஓட 4 ஜிபி போதும். 22ஆம் வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. காசு இல்லை, உரிமச்சாவி இல்லை. ஒரு 8 ஜிபி விரலியில் அதை எழுதி, அந்த விரலியிலிருந்தே கணினியை முடுக்கலாம். வன்தட்டில் ஒன்றையும் தொடாமல், வைஃபை கிடைக்கிறதா, ஒலி வருகிறதா, கேமரா வேலை செய்கிறதா என்று எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கலாம். பிடிக்கவில்லையென்றால் விரலியைப் பிடுங்கிவிட்டு மறு முடுக்கம் செய்தால் பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும். நிறுவுவதாக முடிவெடுத்தால் மட்டும், அதற்கு முன்பே உங்கள் படங்களையும் இடுபணிகளையும் வேறோர் இடத்தில் நகலெடுத்துவிடுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு என்னிடம் அழுதவர்கள் இருவர்.

தமிழ்? நம்மவர்கள் முதலில் கேட்பது இதுதான், கேட்கவும் வேண்டும். தமிழ்க் கணிமையில் மலேசியாவுக்குத் தனி இடம் உண்டு. முத்து நெடுமாறன் 1980களிலேயே இங்கிருந்து முரசு மென்பொருளை உருவாக்கியவர். தமிழ்ப்பள்ளியில் பலர் தட்டச்சு பழகியதே அந்த வழியில்தான். லினக்ஸில் தமிழ் 99 விசைமுகமும், ஆங்கில ஒலிப்பை வைத்துத் தட்டச்சிடும் முறையும் கிடைக்கின்றன. ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையில் தமிழைச் சேர்த்தால் போதும். கை பழக இரண்டு நாள் பிடிக்கும். பெரிய அளவில் செய்து காட்டியவர்களும் இருக்கிறார்கள். கேரளத்தின் அரசுப் பள்ளிகள் 2001இல் தொடங்கிய ஐடி@ஸ்கூல் திட்டத்தின் வழியாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறி, இன்றும் தங்களுக்கென ஒரு லினக்ஸ் வழங்கலையே பயன்படுத்துகின்றன. நம் நாட்டிலும் 2004இல் மாம்பு பொதுத்துறைக்கான திறந்தமூல மென்பொருள் பெருந்திட்டம் ஒன்றை வெளியிட்டது. அந்த வேகம் பள்ளி வகுப்பறைவரை வந்து சேரவில்லை என்பது என் வருத்தம்.

லினக்ஸ் எல்லாருக்கும் ஏற்றது என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்பவர்களால்தான் அதற்குக் கெட்ட பெயர். கல்வியமைச்சின் டெலிமா தளம் உலாவியிலேயே ஓடுவதால் இடைநிலைப்பள்ளி மாணவருக்குப் பெரிய தடை இருக்காது. லிபர்ஆஃபீஸில் கட்டுரையும் கணக்கும் செய்யலாம். ஆனால் விரிவுரையாளர் கொடுத்த வேர்ட் கோப்பில் அட்டவணைகள் நகர்ந்துவிடுவது உண்டு. சமர்ப்பிக்கும் முன் பிடிஎஃப் ஆக மாற்றி ஒருமுறை பாருங்கள். ஆட்டோகேட், அடோபி மென்பொருள்கள் நேரடியாக ஓடா. சில பல்கலைக்கழகங்கள் இயங்கலைத் தேர்வுக்குக் கேட்கும் பூட்டு உலாவிகளும் ஓடா. பொறியியல், வடிவமைப்பு படிக்கப் போகிறவர் இதைச் சேரும் முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

உப்புக் காற்றும் அழிப்பானும்

மென்பொருளை விட்டு வன்பொருளுக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி இது.

தஞ்சோங் டாவாய் மெர்போக் ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கிறது. எதிர்க்கரை பந்தாய் மெர்டேக்கா. கருவாடும் நெத்திலியும் காயும் ஊர். அந்தக் காற்றில் உப்பும் ஈரமும் கலந்தே வரும். ஈரத்தை இழுத்துக்கொள்ளும் உப்பு, செம்பின் மேல் பச்சைக் களிம்பாக ஏறும். கோயில் பித்தளை விளக்கில் பார்த்திருப்பீர்கள், அதேதான் தாய்ப்பலகையிலும் நடக்கிறது. “ஆன் பண்ணினா மூணு தடவை பீப் அடிக்குது, படம் வரல” என்று வரும் கணினிகளில் பல, ரேம் பலகையின் தொடுமுனைகள் மங்கிப்போனவைதாம். மின்சாரத்தைத் துண்டித்து, மின்கலத்தைக் கழற்றி, ரேமை வெளியே எடுத்து, தொடுமுனைகளை ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்து மீண்டும் அழுத்திப் பொருத்தினால் உயிர் வந்துவிடும். ஆல்கஹால் இல்லாத நாளில் பென்சில் அழிப்பானால் லேசாகத் தேய்த்தும் செய்திருக்கிறேன். அழுத்தித் தேய்த்தால் தங்கப்பூச்சு போய்விடும், ஜாக்கிரதை. கடலோர வீடுகளில் மடிக்கணினியைச் சன்னல் ஓரம் திறந்து வைக்காதீர்கள். பைக்குள் போட்டு, பிஸ்கட் டப்பாவிலும் காலணிப் பெட்டியிலும் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலங்கள் நாலைந்தைக் கூடவே வையுங்கள்.

விசிறியில் அடைத்த தூசியைத் துடைப்பது, வன்தட்டுக்குப் பதிலாக எஸ்எஸ்டி போடுவது, இந்த இரண்டும் பழைய கணினிக்கு மறுபிறவி. சுழலும் வன்தட்டிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறிய மடிக்கணினி முடுக்கம் பெறும் வேகத்தைப் பார்த்துச் சித்தி “புதுசு மாதிரியே இருக்கு” என்றார். நான் தொடாத ஒன்றும் உண்டு: உப்பிய மின்கலம். தொடுபலகை மேலே எழும்பி நிற்கிறதா, அடிப்பகுதி வளைந்திருக்கிறதா? உடனே நிறுத்துங்கள். குத்தவோ அழுத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். சாதாரணக் குப்பைத்தொட்டியிலும் போடக்கூடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. “மெதுவாக வாங்கிக்கொள்ளலாம், விலை இறங்கும்” என்ற பழைய கணக்கு இப்போது செல்லாது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவதால் ரேம், எஸ்எஸ்டி விலை கடந்த ஆண்டின் கடைசியிலிருந்து ஏறுமுகம். உலகின் நினைவகச் சில்லுகளில் பெரும்பகுதியைச் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரோன் ஆகிய மூன்றே நிறுவனங்கள் தயாரிக்கின்றன. அவற்றில் மைக்ரோன், நம்மைப் போன்ற சாதாரணப் பயனர்களுக்கு ‘குரூஷல்’ என்ற பெயரில் விற்றுவந்த வணிகத்தையே கைவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. பெரிய நிறுவனங்களுக்கு விற்பதில்தான் இலாபம். ஆகவே உங்கள் பழைய மடிக்கணினியில் உள்ள 8 ஜிபி ரேம் இன்று போன வருடத்தைவிட மதிப்புள்ளது. “பழசைக் கொடுங்க, புதுசுல கொஞ்சம் கழிச்சுக்கலாம்” என்று யாராவது சொன்னால் இதை மனத்தில் வைத்துப் பேரம் பேசுங்கள்.

அதே மைக்ரோனுக்கு பினாங்கு பத்து காவானில் ஆலை இருக்கிறது. இன்டெல் 1972லேயே பினாங்கில் கால் வைத்தது. நம் கெடாவில் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996 முதல் இயங்குகிறது. சுங்கைப்பட்டாணி, பீடோங் பக்கத்து அக்காக்களும் அண்ணன்களும் தொழிற்சாலைப் பேருந்து ஏறிப் போய் இரவுப்பணியில் சில்லுகளைச் சோதித்து அனுப்புகிறார்கள். அப்படிப்பட்ட வட்டாரத்தில், ஒரு நாணய மின்கலம் தீர்ந்ததற்காக மடிக்கணினியையே தூக்கிப் போடுகிறோம்.

சட்டத்தில் இருப்பது நமக்குத் தெரியுமா?

பழுதுபார்க்க உதிரிப்பாகம் வேண்டும். கேட்டால் “இந்த மாடல் இப்ப வர்றதில்ல” என்பார்கள். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37ஆம் பிரிவு இதைப் பற்றித்தான் பேசுகிறது. பொருளை விற்ற பிறகு நியாயமான காலத்துக்குப் பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப்பாகமும் கிடைக்க உற்பத்தியாளர் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். படித்ததும் துள்ளிக் குதித்தேன். அடுத்த உட்பிரிவைப் படித்ததும் உட்கார்ந்துவிட்டேன். உதிரிப்பாகத்துக்குப் பொறுப்பில்லை என்று வாங்கும்போதே உற்பத்தியாளர் தெரிவித்துவிட்டால் அந்தக் கடமை இல்லையாம். சட்டம் ஒரு கதவைத் திறந்து, பக்கத்திலேயே ஒரு சன்னலையும் திறந்து வைத்திருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியம் பழுதுபார்க்கும் உரிமை பற்றிய நெறிமுறையை 2024இல் ஏற்றுக்கொண்டது. உறுப்பு நாடுகள் 2026 ஜூலை 31 முதல் அதை நடைமுறைப்படுத்த வேண்டும். கைப்பேசி, சலவை இயந்திரம் போன்ற குறிப்பிட்ட பொருள்களுக்கு உற்பத்தியாளரே நியாயமான விலையில் பழுதுபார்த்துத் தர வேண்டும் என்கிறது அது. நம் 37ஆம் பிரிவில் உள்ள அந்தச் சன்னலை மூடினாலே பாதி வேலை முடிந்துவிடும் என்று எனக்குத் தோன்றுகிறது. இருக்கிற சட்டத்தையாவது பயன்படுத்தலாம்: பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான புகாரை 5 ரிங்கிட் கட்டணத்தில் பதியலாம். வழக்கறிஞர் தேவையில்லை. இரசீது மட்டும் பத்திரமாக இருக்க வேண்டும். நம் வீடுகளில் அதுதான் இருக்காது.

குப்பை என்றதும் வேறோர் இடத்தில் நடக்கும் கதை என்று நினைத்துவிடாதீர்கள். 2018இல் சீனா வெளிநாட்டு நெகிழிக் குப்பையை நிறுத்தியபின் அது திரும்பிய ஊர்களில் சுங்கைப்பட்டாணியும் ஒன்று. இரவில் எரிந்த நெகிழியின் நாற்றத்தை அங்குள்ளவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மின்குப்பை அதைவிட மோசம். ஈயமும் பாதரசமும் அதில் உண்டு. 2022இல் மட்டும் உலகம் 6 கோடியே 20 இலட்சம் டன் மின்குப்பையை உற்பத்தி செய்தது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடுதான் என்கிறது ஐக்கிய நாடுகள் சார்பில் வந்த அறிக்கை. நம் நாட்டுச் சட்டத்தில் மின்குப்பை எஸ்டபிள்யூ 110 என்ற எண்ணில் அட்டவணைக் கழிவாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. ஆனாலும் பழைய இரும்புக்காரர் வண்டியில் வானொலியும் மடிக்கணினியும் ஏறுவதைத் தாமானில் வாரந்தோறும் பார்க்கலாம்.

சித்தியின் கணினிக்கு மொத்தம் ஆன செலவு: நாணய மின்கலம், எஸ்எஸ்டி, ஒரு புட்டி ஆல்கஹால். 2,300 ரிங்கிட்டில் பத்தில் ஒரு பங்கைத் தொடவில்லை. இப்போது அதில் விண்டோஸ் 10, நீட்டிக்கப்பட்ட ஒட்டுகளோடு ஓடுகிறது. பக்கத்திலேயே லினக்ஸ் மின்டும் இருக்கிறது. முடுக்கும்போது எது வேண்டும் என்று கேட்கும். தங்கச்சி லினக்ஸில் தமிழ் 99 பழகுகிறாள். ‘ஞ’ எங்கே இருக்கிறது என்று புலனத்தில் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். பிரதான மின்கலம் மட்டும் நாற்பது நிமிடத்துக்கு மேல் தாங்குவதில்லை. அசல் பாகம் தேடி மூன்று கடைகளில் கேட்டாயிற்று. “இந்த மாடல் இப்ப வர்றதில்ல” என்றுதான் மூவரும் சொன்னார்கள்.